ஏழு சீரில் இரண்டு பிழை

நான்கு ஆண்டுகளாக ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். வெண்பா எழுதப் பழகுகிறவர்களின் குழு அது. ஏறத்தாழ ஐம்பது பேர் இருக்கிறோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள், மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவர், கல்லூரி மாணவர்கள் சிலர், பகலில் அலுவலகத்தில் கணக்கு எழுதிவிட்டு இரவு பாத்திரம் கழுவி முடித்தபின் எட்டிப்பார்க்கும் என்னைப் போன்றவர்கள். காரிகை (யாப்பிலக்கண நூல்) கற்றுக் கவிபாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைப்பது நன்று என்று ஒரு பழைய சொல் உண்டு. எங்களுள் யாரும் கவிதையை நம்பிப் பிழைக்கவில்லை என்பதால் அந்தச் சொல் எங்களைச் சுடுவதில்லை. இதே காலத்தில் புதுக்கவிதை எழுதுகிறவர்களின் குழு ஒன்றிலும் இருக்கிறேன். அங்கே முந்நூறு பேர். இரண்டிலும் மாறி மாறி இருந்து பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு: புதிதாக எழுதுகிறவரை அதிகம் ஊக்குவிப்பது பாராட்டு அன்று, அவர் எழுதியதை ஒருவர் சீர் சீராகப் படித்திருக்கிறார் என்பதற்கான அடையாளம்தான்.

என் முதல் குறள் வெண்பாவுக்கு நேர்ந்ததைச் சொன்னால் இது விளங்கும். அம்மா இறந்து ஓராண்டு முடிந்திருந்த சமயம். அவருடைய சேலைகளில் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துத் துவைத்து மொட்டைமாடிக் கொடியில் போட்டிருந்தேன். எடுக்க மறந்துவிட்டேன், சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அன்றிரவு இப்படி எழுதினேன்:

மாடியில் காயும் நனைந்த சேலையில்
தேடுகிறேன் அம்மாவின் வாசம்.

இரண்டு குழுக்களிலும் இட்டேன். புதுக்கவிதைக் குழுவில் அரை மணி நேரத்துக்குள் முப்பதுக்கும் மேற்பட்டோர் வந்துவிட்டார்கள். அருமை, சிறப்பு, கண்கலங்க வைத்துவிட்டீர்கள் கவிஞரே, கூப்பிய கைகள், பூங்கொத்து. வெண்பாக் குழுவில் இரவு முழுவதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார்: “அம்மா, முதலடி மூன்றாம் சீர் புளிமா. அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும். ஈற்றுச்சீரையும் பாருங்கள். மழை பெய்ததா?”

யாப்புப் பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு குறிலோ நெடிலோ தனித்தோ மெய்யோடு சேர்ந்தோ வந்தால் நேரசை (‘மா’, ‘அம்’); குறிலை அடுத்து இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்து வந்தால் நிரையசை (‘நனைந்’). அசைகள் சேர்ந்தது சீர். ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மாச்சீர், நிரையில் முடிந்தால் விளச்சீர்; மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய்ச்சீர். வெண்பாவில் மாச்சீரை அடுத்து வரும் சீர் நிரையசையில் தொடங்க வேண்டும். விளச்சீரையும் காய்ச்சீரையும் அடுத்து வருவது நேரசையில் தொடங்க வேண்டும். ‘நனைந்த’ என்பது நிரை, நேர் என்று பிரியும் புளிமா. அதை அடுத்து நான் வைத்த ‘சேலையில்’ நெடிலில் தொடங்குவதால் அங்கே நேரசை வந்துவிட்டது. தளை தட்டுகிறது என்று சொல்வது இதைத்தான். வெண்பாவின் கடைசிச் சீரோ நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றாக இருந்தாக வேண்டும். ‘வாசம்’ தேமா, அந்த நான்கில் சேராது. ஆக ஏழே சீரில் இரண்டு பிழை.

‘அவலோகிதம்’ என்றொரு மென்பொருள் இணையத்தில் இருக்கிறது. பாட்டை உள்ளிட்டால் அசை, சீர், தளை எல்லாவற்றையும் பிரித்துக் காட்டிவிடும். அதில் போட்டுப் பார்த்திருந்தால் இந்த இரண்டு பிழைகளும் நொடியில் தெரிந்திருக்கும். இப்போதெல்லாம் எழுதியவுடன் முதலில் அதில்தான் போட்டுப் பார்க்கிறேன், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் “மழை பெய்ததா?” என்று அது கேட்டிருக்காது. மழையைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. துவைத்த சேலையும் நனைந்துதான் இருக்கும். காய்கிற சேலை எப்படி நனைந்தது என்று ஐந்தரை மணிக்கு ஒரு மனிதர் யோசித்திருக்கிறார்.

இரண்டு நாள் அந்தச் சீரோடு அலைந்தேன். ‘நனைந்த’ என்பதற்கு முன்னால் ஓரசைச் சொல் எதையாவது ஒட்டினால் காய்ச்சீர் ஆகிவிடும், பிறகு ‘சேலையில்’ தாராளமாக வரலாம் என்பது பேருந்தில் வரும்போது பட்டது. ‘மழை’ தனியாகவே ஒரு நிரையசை. ‘மழைநனைந்த’ என்றால் கருவிளங்காய். தளை சரியாயிற்று, மாடி, மழை என்று மோனையும் தானாக அமைந்தது. எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. நான் கவிதைக்கு வெளியே விட்டுவந்த மழையை, ஓர் அசை குறைகிறது என்னும் கணக்குத்தான் உள்ளே கூட்டிவந்தது.

ஈற்றுச்சீர் எளிதில் படியவில்லை. ‘வாசம்’ போய் ‘மணம்’ வந்தது. ‘அம்மாவின்’ என்னும் காய்ச்சீருக்குப் பின் நிரையில் தொடங்கும் ‘மணம்’ நிற்காது என்பதால் ‘அம்மா மணம்’ என்று குறுக்கினேன். உடனே மருந்துக்கடைக்காரத் தம்பி கேட்டார்: “அக்கா, அம்மாவுக்கு மணமா? பத்திரிகை அடித்தாயிற்றா?” ஒரு நிமிடம் எனக்குச் சுருக்கென்றது. பிறகு சிரித்துவிட்டேன், ஏனென்றால் அவர் சொன்னது சரி; அப்படியும் ஒருவர் படிக்க முடியும் என்றால் அது பாட்டின் குறைதான். அன்று மாலை, அதுவரை குழுவில் இரண்டு வெண்பாவுக்கு மேல் எழுதியிராத கல்லூரி மாணவி ஒருத்தி, “மணம் இருக்கும் இடத்தில் மடி வைத்துப் பாருங்கள் அக்கா, சேலைக்கும் மடி உண்டு” என்று எழுதினாள்.

மாடியில் காயும் மழைநனைந்த சேலையில்
தேடுகிறேன் அம்மா மடி.

‘அம்மா’ பேச்சு வழக்கு, ‘அன்னை’ என்று வைத்தாலும் தளை கெடாது என்று பெரியவர் ஒருவர் சொன்னார். உண்மைதான், கெடாது. நான் என் அம்மாவை ஒருநாளும் அன்னை என்று கூப்பிட்டதில்லை, அதனால் மாற்றவில்லை ஐயா என்றேன். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த வெண்பாவுக்குப் போய்விட்டார். திருத்தம் சொல்கிறவருக்குச் சொல்லும் உரிமை எவ்வளவோ, கேட்கிறவருக்கு மறுக்கும் உரிமையும் அவ்வளவு என்று அங்கே யாரும் விதி எழுதி ஒட்டவில்லை, பழக்கத்தில் இருக்கிறது. அந்தக் கடைசிச் சொல் என்னுடையது இல்லையே, பிறகு இது யார் பாட்டு என்று என் மகன் கேட்டான். ஏழில் ஒன்று கடன் என்றேன். கேட்கிறவர்களிடம் கடன் கொடுத்தவளின் பெயரையும் சேர்த்தே சொல்லிவருகிறேன்.

இந்தப் பெண் தன்னைவிட இருபது வயது மூத்தவளுக்குத் திருத்தம் சொல்ல முடிந்ததையும், நான் அதைக் கேட்டுக்கொண்டதையும் நினைத்துப் பார்க்கிறேன். யாப்பு பொதுவில் இருக்கும் ஓர் அளவுகோல். அது அவளுடைய கருத்தும் இல்லை, என் கருத்தும் இல்லை. கணக்கில் மூன்று ரூபாய் இடிக்கிறது என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னால் நான் மனம் புண்படுவதில்லை, திரும்பக் கூட்டிப் பார்க்கிறேன். தளை தட்டுகிறது என்பதும் அப்படித்தான். தொடங்குவதற்கு இப்படி ஓர் எளிய இடம் கிடைத்துவிட்டால், அந்தப் பேச்சின் வழியே மழைக்கும் மடிக்கும் போய்விடலாம். நேராக “உங்கள் கவிதையில் மழை இல்லை” என்று தொடங்கியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

குற்றம் சொல்வது என்றாலே நம்மவர்களுக்கு நக்கீரர்தான் நினைவுக்கு வருவார். நெற்றிக்கண், குற்றம் குற்றமே என்று ஒரு மிரட்டல் சித்திரம் நம் மனத்தில் இருக்கிறது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டை வைத்துப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் சொல்லும் அந்தக் கதையில் வழக்கு யாப்பைப் பற்றியதே அன்று. கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்னும் பொருட்குற்றத்தைப் பற்றியது. (மணம் என்னும் சொல் அங்கேயும் தொல்லை கொடுத்திருக்கிறது.) எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. தருமியால் பதில் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் அந்தப் பாட்டு அவனுடையது அன்று என்பதுதான். தன் பாட்டாக இருந்திருந்தால் வாதாடியிருப்பான், அல்லது இரண்டு நாள் அலைந்து ஒரு சொல்லை மாற்றிக்கொண்டு வந்திருப்பான்.

வெறும் பாராட்டு இன்றைக்கு வந்த நோய் என்று சிலர் வருந்துகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான புலவர்களின் நூல்களைப் புரட்டினால், நூல் தொடங்குவதற்கு முன் பக்கம் பக்கமாகச் சிறப்புப்பாயிரமும் சாற்றுகவியும் நிற்கும். எல்லாம் எதுகை மோனையோடு எழுதப்பட்ட அருமைகள். குறைந்தது அவற்றை எழுத அரை நாளாவது ஆகியிருக்கும் என்பது ஒன்றுதான் வேறுபாடு. இப்போது வாரந்தோறும் போட்டி வைத்து, கலந்துகொண்ட எல்லோருக்கும் வண்ணச் சான்றிதழும் ‘கவிச்சுடர்’ போன்ற பட்டமும் அனுப்பும் குழுக்கள் இருக்கின்றன. எனக்கும் ஒன்று வந்தது. கவிதையைப் புகழ்ந்து மூன்று வரி, கீழே என் பெயரில் எழுத்துப்பிழை. கவிதையை எவ்வளவு கவனமாகப் படித்திருப்பார்கள் என்பதை அந்தப் பிழையே சொல்லிவிட்டது.

பாராட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. புதுச்சேரியில் கனகசுப்புரத்தினம் என்னும் இளைஞர் பாடிய பாட்டைக் கேட்ட பாரதியார், தம்முடைய கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறிப்பெழுதிச் சுதேசமித்திரனுக்கு அனுப்பிவைத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அந்த இளைஞர்தான் பின்னாளில் பாரதிதாசன். பாட்டை வாங்கி, படித்து, தன் பெயரைப் பக்கத்தில் வைத்து அச்சுக்கு அனுப்பியிருக்கிறார் ஒருவர். அது பாராட்டு. அதில் பாராட்டுகிறவருக்கும் ஏதோ ஒன்று பணயமாக இருக்கிறது. கூப்பிய கைகளை அனுப்புகிறவருக்குப் பணயம் ஒன்றும் இல்லை.

இவ்வளவு எழுதிவிட்டு என் தவறு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இராது. தளையும், எதுகை மோனை போன்ற தொடையும் ஓரளவு பிடிபட்ட புதிதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியிருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பாட்டி, பேரனின் முதல் பிறந்தநாளுக்கு நான்கடி வெண்பா ஒன்று எழுதி இட்டார். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டு ஒன்பது பிழைகளைப் பட்டியல் போட்டு, எல்லோரும் பார்க்க, இரவு பதினொன்றரைக்கு அனுப்பினேன். “நன்றி அம்மா” என்று மட்டும் எழுதினார். அதற்குப் பிறகு அவர் எதையும் இடவில்லை; இரண்டு மாதம் கழித்துக் குழுவிலிருந்து விலகியிருந்தார். ஒன்பது பிழைகளும் சரியானவை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. மறுநாள் ஆசிரியர் என்னைத் தனியாக அழைத்து, “ஒரு பாட்டுக்கு ஒரு நாளில் ஒரு பிழை போதும், அம்மா. பேரன் பெயர் மூன்றாமடியில் எவ்வளவு இயல்பாக வந்திருக்கிறது, அதைப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. அந்தச் சீரில் தளை சரியாக இருந்ததால் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

மரபுக் குழுவின் நோயும் இதுவேதான். தளை சரியாகிவிட்டால் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். பொங்கல் வந்தால் நாற்பது வெண்பா வரும். நாற்பதிலும் கரும்பும் கதிரவனும் உழவரும் இருப்பார்கள், ஒருவர் வீட்டுப் பொங்கல்கூட இருக்காது. ஓசைக்காக ‘நன்கு’, ‘தானே’ என்று இட்டு நிரப்புகிறோம். சொல்லை நடுவில் வெட்டி அடுத்த சீரில் ஒட்டிவிட்டு வகையுளி என்று பெயர் சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். அப்போது நாங்களும் அருமை என்றுதான் எழுதுகிறோம்.

புதுக்கவிதைக்கு இப்படி ஒரு பொது அளவுகோல் இல்லையே, அங்கே எதைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடங்குவது என்று கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அந்த முந்நூறு பேர் குழுவில் ஒரு நிகழ்ச்சியைப் பார்க்கும்வரை. இளைஞர் ஒருவர் தன் அப்பாவின் சைக்கிளைப் பற்றி எழுதியிருந்தார். வழக்கம்போல் அருமைகள் குவிந்தன. நடுவே ஒருவர் மட்டும் கேட்டார்: “மூன்றாம் வரியில் சைக்கிள் மணி ஒலிக்கிறது தம்பி. பிறகு கவிதை அப்பாவின் தியாகத்தைப் பேசப் போய்விடுகிறது. அந்த மணி என்ன ஆயிற்று?” ஒரு வாரம் கழித்து அந்தத் தம்பி கவிதையைத் திரும்ப இட்டார். பதினாறு வரியில் பதினொன்றை வெட்டியிருந்தார். தியாகம் என்னும் சொல்லே இல்லை, மணி மட்டும் இருந்தது. அவருடைய கவிதை என்பதால் இங்கே எடுத்துப் போடவில்லை. கவிதை மூன்றாம் வரியில் தானே ஒரு சொல் கொடுத்திருந்தது, அதைக் காப்பாற்றவில்லை என்பதைத்தான் அவர் காட்டினார். அதுவும் ஒருவகைத் தளைதான். அதைக் கண்டுபிடிக்க வாய்பாடு தெரிந்திருக்க வேண்டியதில்லை, கடைசி வரிவரை படித்திருக்க வேண்டும்.

அந்த இரண்டாவது பதிவுக்கு வந்த அருமைகள் முதலாவதைவிடக் குறைவு. அது அவரை வருத்தியதாகத் தெரியவில்லை. கேள்வி கேட்டவருக்கு மட்டும் “மணி இருக்கிறது அண்ணா” என்று எழுதியிருந்தார்.

நேற்றிரவு எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் தன் ஊர்க் குளத்தைப் பற்றி ஒரு வெண்பா இட்டிருக்கிறார். இரண்டாம் அடியில் ஒரு சீர் கூடுகிறது, நான்காம் அடியில் தளை தட்டுகிறது. குளத்துப் படிக்கட்டில் அவர் எண்ணிய படிகள் பன்னிரண்டு என்று சொல்லியிருக்கும் இடம் நன்றாக இருக்கிறது. இன்னும் ஒன்றும் எழுதவில்லை. காலையில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, படிக்கட்டிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன்.