மினிமூக் மாடல் டி: ஆசிலேட்டர் மூன்று, சுரம் ஒன்றுதான்

மினிமூக் மாடல் டி ஒரு சிந்தசைசர், அதாவது மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் கட்டை இசைக்கருவி. அதைப் பற்றி ஒருவர் "மினிமூக் மாடல் டி-யில் மூன்று ஆசிலேட்டர் இருக்கிறது, அதனால் மூன்று சுரம் சேர்த்து கார்டு வாசிக்கலாம்" என்று எழுதியிருக்கிறார். (ஆசிலேட்டர் என்பது ஒலி அலையை உருவாக்கும் பகுதி.) இதை நம்பி யாரும் பழைய மினிமூக்கைத் தேடி வாங்கிவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

1970-இல் வந்த அந்தக் கருவி மோனோஃபோனிக், அதாவது ஒரு நேரத்தில் ஒரு கட்டைக்கு மட்டுமே ஒலி தரும். 44 கட்டைகளில் எத்தனையை அழுத்தினாலும், அவற்றில் மிகக் கீழே உள்ள ஒன்றுக்குத்தான் ஒலி வரும். மூன்று ஆசிலேட்டர்களும் அந்த ஒரே கட்டைக்குத்தான் கட்டுப்படும். பிறகு மூன்றும் மிக்ஸரில் கலந்து, ஒலியின் தன்மையைச் செதுக்கும் ஒரே ஃபில்டர் வழியாகப் போகும். அந்தத் தடித்த பேஸ் ஒலியே இப்படிப் பிறப்பதுதான். சுருதியில் மயிரிழை விலகிய மூன்று அலைகள் ஒன்றோடொன்று உரசும் அழகு அது.

சரி, கார்டு போல எதையோ கேட்டிருக்கிறோமே? ஆசிலேட்டர்களைத் தனித்தனியாகச் சுருதி மாற்றி, சி கட்டையை அழுத்தினால் சி, இ, ஜி என்ற மூன்று சுரங்களும் (சி மேஜர் கார்டு) கேட்கும்படி வைக்கலாம். ஆனால் டி கட்டைக்குப் போனால் டி, எஃப் ஷார்ப், ஏ என்று அதே மேஜர் வடிவம்தான் நகரும். டி மைனர் (டி, எஃப், ஏ) வேண்டுமென்றால் வாசிப்பை நிறுத்தி, குமிழைத் திருக வேண்டும். அதைக் கார்டு வாசிப்பது என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, மூன்றாவது ஆசிலேட்டரைப் பலர் கட்டைகளிலிருந்து துண்டித்து, வைப்ராட்டோவுக்காக (சுருதி மேலும் கீழும் மெல்ல அசைவதற்காக) மெதுவான அலையாக ஓடவிடுவார்கள். அப்போது ஒலி தர இரண்டுதான் மிஞ்சும்.