இரணியூரில் என் ஐயாவுக்குப் பெண் எடுத்தது யார்?

நகரத்தார் நாங்கள் ஒன்பது கோயில்களாகப் பிரிந்தவர்கள். எங்கள் கோயில் பிள்ளையார்பட்டி. பிள்ளையார்பட்டிக் கோயிலாரும் இரணியூர்க் கோயிலாரும் அண்ணன் தம்பி முறை, அவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது என்பது செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஆண்டுதோறும் டாலரில் சந்தா வாங்கிக்கொண்டு, உலகத்துப் பழைய ஆவணங்களையெல்லாம் தேடித் தருவதாகச் சொல்லும் ஒரு கொடிவழி (குடும்ப மரம்) மென்பொருள், என் ஐயாவுக்கு, அதாவது அப்பாவின் அப்பாவுக்கு, இரணியூர்க் கோயில் வீட்டுப் பெண்ணை மனைவியாக எழுதிவைத்திருக்கிறது. அவரோடு ஐம்பது ஆண்டு வாழ்ந்த என் அப்பத்தாவின் பெயர் அங்கே இல்லை.

நான் உள்ளிட்டது ஐயாவின் பெயர், ஊர், அவர் பினாங்குக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போயிருந்த செய்தி ஆகிய மூன்று மட்டுமே. மறுநாளே 'ஒத்துவரும் பதிவு கிடைத்தது' என்று அறிவிப்பு வந்தது. நான் பார்ப்பதற்கு முன்பே, அதே கொடிவழியில் பங்கு வைத்திருக்கும் வெளிநாட்டுப் பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் 'ஏற்றுக்கொள்' என்ற பொத்தானை அழுத்திவிட்டான். ஒத்துவந்தவர் வேறு ஊர், வேறு கோயில், வேறு விலாசம் (பெயருக்கு முன் வரும் குடும்ப முதலெழுத்துகள்). பெயரும் காலமும் பினாங்கும் மட்டுமே ஒன்று. ஒரே அழுத்தலில் அவருடைய மனைவி, மக்கள், இறந்த ஆண்டு எல்லாம் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. அந்த அம்மையாரின் பிறந்த வீட்டாரைத் தேடிப் போய், அவர்கள் இரணியூர்க் கோயில்தான் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு வந்த பிறகு எனக்கு ஏற்பட்ட ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

பெயர் ஒன்றாக இருப்பது எங்களிடம் எதையும் மெய்ப்பிப்பதில்லை. தலைமகனுக்குத் தந்தைவழி ஐயாவின் பெயர், அடுத்தவனுக்குத் தாய்வழி ஐயாவின் பெயர் என்று வைப்பது எங்கள் வழக்கம். ஒரு வீட்டில் நான்கு ஆண்மக்கள் இருந்தால் நால்வரின் தலைமகன்களுக்கும் ஒரே பெயர். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் தந்தையும் முத்தையா, மகனும் முத்தையா. பெயரால் ஆளைப் பிரிக்க முடியாது என்பதால்தான் பெயருக்கு முன்னால் விலாசத்தை வைத்தார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை நடந்தது அந்த விலாசத்தின் பேரில். அதை எழுத இந்த மென்பொருளில் ஓர் இடம் இல்லை. கோயிலை எழுதவும் இடமில்லை. அது விடாமல் கேட்பது 'குடும்பப் பெயர்' ஒன்றைத்தான். 1984-இல் மார்மன் திருச்சபை வெளியிட்ட ஜெட்காம் என்ற, கொடிவழிகளைப் பரிமாறிக்கொள்ளும் கோப்பு முறையிலேயே குடும்பப் பெயரை இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவில் அடைத்துத் தனியாகக் காட்டுகிறார்கள். அந்தக் கட்டத்தில் வேறு வழியின்றிச் 'செட்டியார்' என்று நிரப்பிவிட்டால், கப்பலேறிய அத்தனை செட்டியார்களும் ஒரே குடும்பமாகிவிடுகிறார்கள்.

ஒலியொத்த பெயர்களைத் தேடும் வசதியாவது கைகொடுக்கும் என்று நம்பினேன். அந்தத் தளத்தில் அது சவுண்டெக்ஸ் முறையில் இயங்குகிறது. 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்று, அந்நாட்டுக் குடிமதிப்புக் கணக்கின் பெயர்களை அடுக்கப் பயன்பட்ட முறை அது. முதல் ஆங்கில எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்து வரும் மெய்யொலிகளுக்கு மூன்று எண்களைத் தரும். சிதம்பரம் என்ற பெயரை ஓர் எழுத்தர் 'சி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினார், இன்னொருவர் 'எஸ்' என்ற எழுத்தில் தொடங்கினார் என்றால், அந்த இரண்டு சிதம்பரங்களும் அந்தத் தேடலில் ஒருநாளும் சந்திக்கமாட்டார்கள். லட்சுமணனும் மலேயா எழுத்துக்கூட்டலில் வரும் லெட்சுமணனும் வெவ்வேறு எண். செட்டி என்று முடித்தால் ஓர் எண், செட்டியார் என்று முடித்தால் இன்னோர் எண். சேர வேண்டியவர்களைச் சேர்க்காமல், சேரக்கூடாதவர்களை இணைத்துவைக்கும் இந்தக் கருவிக்கா நாங்கள் பணம் கட்டுகிறோம்?

ஆண்டுக் கணக்கிலும் இதே கதிதான். ஐயாவின் சாதகத்தில் விரோதி வருஷம் என்று இருக்கிறது, அது 1889. நான் பிறந்ததும் விரோதி வருஷம்தான், அது 1949. தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதை அறியாத உறவினர் ஒருவர் ஐயாவின் பிறப்பை 1949 என்று பதிந்தார். ஐயாவின் பெயரைத் தாங்கிய பேரன் நான். உடனே மென்பொருள் எங்கள் இருவரையும் 'ஒரே ஆளாக இருக்கலாம், இணைக்கவா?' என்று கேட்டது. எனக்கு எழுபத்தாறு வயது. நான் உயிரோடு இருக்கிறேன்.

இத்தனைக்கும் எங்களிடம் ஆவணம் இல்லாமல் இல்லை. ஐயாவின் திருமணத்துக்கு எழுதிய இசைகுடிமானம் என்ற ஒப்பந்த ஓலை எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, இருவர் ஊர், கோயில், வருஷம், மாதம், தேதி என்று ஒன்று விடாமல் ஓலையில் எழுதப்பட்டது. கோயிலில் புள்ளிக் கணக்கு, அதாவது மணமானவர்களைக் குடும்பம் குடும்பமாக எண்ணும் கணக்கு, இருக்கிறது. கோயில் மாலை வராமல் எங்களில் ஒரு திருமணம் நடப்பதில்லை. மாலை வாங்கப் போனால் அங்கே பதிவும் உண்டு. ஓலையைப் படம் பிடித்து, பெயர்த்தெழுதி, சான்றாகத் தளத்தில் ஏற்றினேன். அதற்கு எந்த மதிப்பும் இல்லை. இயந்திரம் தேடித் தந்த பதிவுக்கு மேலே பச்சைக் குறி நிற்கிறது. என் அப்பத்தாவின் திருமண ஓலை 'இதர படங்கள்' என்ற பெட்டிக்குள் கிடக்கிறது.

அந்த நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினேன். மற்ற பயனாளர்களின் கொடிவழிகளில் நாங்கள் தலையிடுவதில்லை என்று மூன்று முறையும் ஒரே பதில். தவறான ஆளை ஒவ்வொருவர் வாசலிலும் தாங்களே கொண்டுவந்து நிறுத்தி, ஏற்றுக்கொள் என்று தூண்டியது தலையீடு இல்லையா? விதைத்தவர்கள் அவர்கள், களை பறிக்க வேண்டியது நானா?

அந்தத் தவறு இதற்குள் பதினொரு கொடிவழிகளுக்குப் பரவிவிட்டது. பதினொருவருக்கும் தனித்தனியே கடிதம் எழுதி, ஓலையின் படத்தையும் இணைத்து அனுப்பினேன். இருவர் திருத்தினர், ஒருவர், 'இத்தனை பேர் மரத்தில் இருக்கிறதே, எப்படித் தவறாகும்?' என்று என்னையே திருப்பிக் கேட்டார். மற்றவர்களிடமிருந்து பதில் இல்லை. ஒன்பது கொடிவழிகளில் என் அப்பத்தா இருக்க வேண்டிய இடத்தில் இன்றும் இன்னொரு வீட்டு ஆச்சியின் பெயர்தான் இருக்கிறது.