தப்பு காயும் வரை கிட்டார்
ராக்கும் ஜாஸும் கலப்பது கொழும்புப் பிள்ளைகளின் வேலை, மலையகக் காதுக்கு ஒட்டாது என்று இந்தக் கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை. மாசியில் ஆடும் காமன் கூத்தில் தப்பு என்கிற பறையின் சத்தம் கேட்டு, தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பராவில் (வரிசை வீட்டு அறையில்) வளர்ந்தவன் நான். போன வருடம் ஹட்டன் பக்கம் நம்ம பொடியன்கள் நாலு பேர் பேஸ் கிட்டார், சக்ஸபோன், தப்பு எல்லாம் வைத்து வாசித்தார்கள். பனிக்குத் தப்பின் தோல் தொய்ந்துவிட, ஒருவன் வெளியே போய் கடதாசி கொளுத்திக் காய்ச்சினான். அவன் திரும்பும் வரை கிட்டார்காரன் அங்கேயே புதிதாக ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தான். ஜாஸ் என்றால் அதுதானே? மேலே கருத்து எழுதிய ஒருவர் இந்த இசையை 'இறக்குமதிச் சரக்கு' என்கிறார். சரி, ஆனால் அதில் நம்ம நாட்டுப் பங்கும் உண்டு: 1970களில் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மக்லாக்லினோடு 'சக்தி' என்ற கலப்பிசைக் குழுவில் வயலின் வாசித்த எல்.சங்கர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். என்ன, ஹட்டனில் அன்றைக்கு சவுண்ட் சிஸ்டம்தான் காதைக் கிழித்தது.