அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது

ஞாயிற்றுக்கிழமை விழாவின் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ராணுவத்தின் சிறப்புப் படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கர்னலை மேடையில் உட்காரவைத்து, "சார், எத்தனை பேரைக் கொன்றிருப்பீர்கள்?" என்று கேட்கிறார் தொகுப்பாளர். அரங்கம் விசிலடிக்கிறது. அவர் பதில் சொல்லாமல் தண்ணீர் குடிக்கிறார். அதற்கும் கைதட்டல். அவர் என் பெரியப்பா மகன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

சிறப்புப் படை அதிகாரியின் பணிக்காலம் கொலைக் கணக்கு அல்ல.

ராணுவத்தின் பாராசூட் அதிரடிப் பிரிவான பாரா சிறப்புப் படைக்குத் தாமாக முன்வருபவர்களில் பெரும்பாலோர் தகுதிகாண் காலத்திலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். தேறியவர் சில ஆண்டுகள் குழுவை நடத்துவார். பிறகு நம் நீலகிரி வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் படிக்கும் பணியாளர் கல்லூரிக்கான தேர்வு, தலைமையகத்தில் வரைபடங்கள், கோப்புகள். லெப்டினன்ட் கர்னல் வரை பணி ஆண்டுகளை வைத்து வந்துவிடலாம்; படைப்பிரிவை நடத்தும் கர்னல் ஆக, தேர்வு வாரியம் பார்த்துப் பார்த்துத்தான் எடுக்கும். கட்டளை அதிகாரி ஆனபின், தகவல் சரியில்லை என்று தோன்றும் இரவில் துடிப்பான இளைஞர்களை நிறுத்திவைக்கும் துணிச்சல் வேண்டும். அதை எந்த மேடையிலாவது கேட்டிருக்கிறோமா?

கர்னல் சந்தோஷ் மகாதிக் 21 பாரா சிறப்புப் படையில் வளர்ந்தவர். 2015 நவம்பரில் காஷ்மீரின் குப்வாராவில் உயிர்விட்டபோது, தீவிரவாத எதிர்ப்புப் பணிக்கான 41 ராஷ்ட்ரீய ரைபிள்ஸ் படைப்பிரிவின் கட்டளை அதிகாரி. அந்தப் பகுதி இளைஞர்கள் துப்பாக்கி எடுக்காமலிருக்க அவர்களோடு பழகிப் பேசியவர் என்றுதான் அவரைச் சொல்கிறார்கள். அவர் மனைவி ஸ்வாதி சென்னையில் பயிற்சி முடித்து 2017இல் ராணுவ அதிகாரியானார். இந்த வாழ்க்கையை எந்த எண்ணிக்கையில் அடக்குவீர்கள்?

என் திருமணத்தன்று முகூர்த்த நேரத்தில் அண்ணன் மண்டப வாசலில் ஃபோனுடன் நின்றிருந்தார். அவருக்குக் கீழ் இருந்த நாயக் (சிப்பாய்க்கு மேல்நிலை வீரர்) ஒருவரின் தந்தைக்கு மருத்துவமனையில் படுக்கை கிடைக்கவில்லை. தாலி கட்டி முடிந்த பிறகுதான் உள்ளே வந்தார். அம்மாவுக்கு இன்றும் அதில் வருத்தம். எனக்கு அவர் பணி என்றால் நினைவுக்கு வருவது அந்த வாசல்தான்.

"ஆர்வத்தில் கேட்டது, இதற்கா இவ்வளவு கோபம்?" என்கிறார்கள். ஆர்வம் இருந்தால் பனியில் எப்படித் தூங்கினீர்கள் என்று கேளுங்கள். உடன் வந்தவர்களில் யார் திரும்பவில்லை என்று கேளுங்கள். அதையும் தனியாக, மெதுவாக.

இன்னொருவர் 1987ஐ இழுத்து வந்து, யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப்படை செய்ததை மறக்க வேண்டுமா என்கிறார். அந்த வலி எனக்கும் உண்டு, நானும் தமிழச்சிதான். ஆனால் அந்த அக்டோபர் இரவில் யாழ் பல்கலைக்கழகத்தில் இறங்கிய பாரா கமாண்டோக்களும் சீக்கிய இலகு காலாட்படையினரும் தாங்களாகப் போகவில்லை. இறங்கிய சீக்கிய வீரர்களில் ஒருவர் தவிர அத்தனை பேரும் மடிந்தார்கள். அனுப்பிய டெல்லியைக் கேளுங்கள். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அண்ணனை அல்ல.

முன்வரிசையில் அண்ணியும் இருந்தார். ஊர் ஊராக மாறி மாறித் தன் ஆசிரியர் வேலையையே விட்டவர். பிள்ளைகளின் காய்ச்சலைத் தனியாகப் பார்த்தவர். விசில் சத்தத்தில் அவர் தலைகுனிந்ததைக் கேமரா காட்டுகிறது. அதைப் பார்த்தும் அந்தக் காணொளியைப் பெருமையாகப் பகிர்கிறீர்கள். அடுத்த மாதம் வேறொரு விழாவுக்கும் அழைத்திருக்கிறார்கள். அதே தொகுப்பாளர் என்றால் போகக் கூடாது என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.