சூசையப்பர் ஏன் எலிப்பொறி செய்கிறார்?

பழைய ஐரோப்பிய ஓவியங்களில் இருக்கும் பூ, மெழுகுவர்த்தி, பழம் எல்லாவற்றுக்கும் "ரகசிய அர்த்தம்" சொல்லும் பதிவுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று ஒரே ஓவியத்தை வைத்துச் சொல்கிறேன்.

நியூயார்க்கின் குளோய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் மெரோட் பீடப்படம், மூன்று பலகைகளில் தீட்டிய பக்திப் படம். 1427க்கும் 1432க்கும் இடையில் ராபர்ட் காம்பின் என்ற ஓவியரின் பட்டறையில் வரையப்பட்டது. மூன்று பலகைகளையும் விரித்தாலும் அகலம் 120 செ.மீ.யைத் தொடாது. வீட்டில் வைத்து ஜெபிப்பதற்கான அளவு. நடுவில், இயேசு பிறக்கப்போகும் செய்தியோடு கபிரியேல் தூதர் மரியாவிடம் வந்திருக்கிறார், அதுவும் இன்றைய பெல்ஜியப் பக்கத்து, வசதியான ஒரு பிளெமிஷ் வீட்டுக் கூடத்துக்கு. மேஜைமேல் வெள்ளை லீலி, சுவரோரம் தொங்கும் கெண்டி, துண்டு. கன்னிமை, தூய்மை. சரி, இதை எந்தக் கையேடும் சொல்லிவிடும்.

வலது பலகைதான் என்னை அசையவிடாமல் நிறுத்துகிறது. மரியாவின் கணவர் சூசையப்பர் தச்சுப் பட்டறையில் உட்கார்ந்து ஒரு பலகையில் துளை போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் முன்னால் ஓர் எலிப்பொறி. சன்னலுக்கு வெளியே, வீதியில் போகிறவர் பார்க்கும்படி இன்னொன்று. 1945இல் கலை வரலாற்றாளர் மேயர் ஷாபிரோ, பழங்காலக் கிறிஸ்தவ ஆயர் புனித அகுஸ்தீனின் பிரசங்கம் ஒன்றை இதோடு சேர்த்துக் காட்டினார்: சிலுவை சாத்தானுக்கு வைத்த எலிப்பொறி, ஆண்டவரின் மரணம் அதில் வைத்த இரை. நடுப்பலகையில் ஒளிக்கீற்றில் இறங்கிவரும் குட்டிக் குழந்தை இயேசுவின் தோளில் அப்போதே சிலுவை இருக்கிறது. பக்கத்து அறையிலோ, நடப்பது எதுவும் தெரியாமல் அந்தத் தச்சர் தன் வேலையில் மூழ்கியிருக்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இப்படி அன்றாடப் பொருளுக்குள் அர்த்தம் வைப்பதைக் கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி 'மறைத்து வைத்த குறியீடு' என்றார். பெரிய அறிஞர், ஆனாலும் எனக்கு அது பொருந்தவில்லை. பொறி இங்கே எதையும் மூடி மறைக்கவில்லை. எலி பிடிக்கிற, விலைக்குப் போகிற, கையால் செய்த பொறியாக இருப்பதால்தான் அகுஸ்தீனின் வார்த்தை அதில் வந்து உட்கார முடிகிறது. வெறும் குறியீடு போதுமென்றால் ரம்பத்தையும் சுத்தியலையும் இடுக்கியையும் இவ்வளவு பொறுமையாக வரைந்திருக்க வேண்டியதில்லை.

அகராதி போட்டு வாசிப்பது எங்கே சிக்கும் என்பதற்கு, மேஜைமேல் அப்போதுதான் அணைந்து புகையும் மெழுகுவர்த்தியே சாட்சி. தெய்வ ஒளிக்கு முன் மனித ஒளி அவிந்தது என்பார்கள் சிலர், தூதர் வந்த வேகத்தில் அணைந்தது என்பார்கள் வேறு சிலர். சூசையப்பர் துளை போடும் பலகை என்ன என்பதிலும் ஒத்த கருத்து இல்லை: மீன்பிடி இரை வைக்கும் பெட்டியின் மூடியாக இருக்கலாம், குளிருக்குக் கால் வைக்கும் கணப்புப் பெட்டியின் மூடியாகவும் இருக்கலாம். கணப்பு மூடிதான் என்று நாளை உறுதியானாலும் இந்தப் படத்தின் பக்தியில் ஒரு துளியும் குறையாது என்பேன்.