‘எட்டில் ஒன்றைத் தள்ளு’ சூத்திரம் எல்லா முக்கோணத்துக்கும் பொருந்தாது

பழந்தமிழ்ப் புலவர் என்று சொல்லப்படும் போதையனார் பெயரில் ஒரு பாடல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்தை ஒட்டிய இரு பக்கங்களில் பெரியதன் எட்டில் ஏழு பங்கோடு சின்னதில் பாதியைக் கூட்டினால் கர்ணம் (செங்கோணத்துக்கு எதிர்ப்பக்கம்) கிடைத்துவிடுமாம், வர்க்கமூலமே வேண்டாமாம்.

தவறு. 3, 4க்கு 5 வரும். 5, 12க்கு 13 வரும். சரி, 8, 15ஐப் போட்டுப் பாருங்கள்: 17க்குப் பதில் 17.125. 1, 100க்கு 88 என்கிறது; கர்ணம் பக்கத்தைவிடச் சிறிதாக இருக்க முடியுமா? சமன்பாடாக்கித் தீர்த்தால் 3:4, 5:12 என்ற இரண்டே விகிதங்களுக்குத்தான் சரியான விடை. மற்றதெல்லாம் தோராயம். தயவுசெய்து பிள்ளைகளுக்கு இதைப் பொதுவிதியாகச் சொல்லித்தராதீர்கள்.

முழு எண் பக்கங்கள் வேண்டுமென்றால் தவறாத ஒழுங்கு ஒன்று உண்டு. 3 முதல் எந்த ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்தையும் அடுத்தடுத்த இரு எண்களாகப் பிரியுங்கள். 9இன் வர்க்கம் 81, அதாவது 40 + 41. பக்கங்கள் 9, 40, 41.