ஸ்கிரீன் போகவில்லை, கண் சென்சாரைப் பாருங்கள்
"தனுஷ்கோடி உப்புக்காத்துல மிரர்லெஸ் கேமரா பின் ஸ்கிரீன் இருண்டா டிஸ்பிளே போச்சு, மாத்தணும்" என்று சொல்வது தவறு, அண்ணே. அதை நம்பி யாரும் காசைக் கொட்டிவிடாதீர்கள். வியூஃபைண்டரை, அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் துளையை, ஒட்டிச் சின்னதாய்க் கண் சென்சார் இருக்கும். எதிரே ஏதாவது நெருங்கினால் ஸ்கிரீனை அணைத்து வியூஃபைண்டரை எரியவிடும். அரிச்சல்முனையில் அலைத்தூறல் பட்டுக் காய்ந்த உப்புப்படலம், ஒட்டிய மணல், தொங்கும் ஸ்ட்ராப், எல்லாமே அதற்குக் கண்தான். ஸ்கிரீன் இருட்டாக இருக்கும்போது வியூஃபைண்டரில் படம் தெரிந்தால் சந்தேகம் சென்சார் மேல்தான். முதலில் ப்ளோயரால் (கையால் அமுக்கிக் காற்றடிக்கும் ரப்பர் பந்து) மணலை ஊதுங்கள், தேய்த்தால் கீறிவிடும். பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அப்புறமும் வராவிட்டால் வியூஃபைண்டரில் பார்த்தே மெனுவுக்குப் போய், ஸ்கிரீனும் வியூஃபைண்டரும் தானாக மாறும் ஆட்டோவை மாற்றி ஸ்கிரீன் மட்டும் என்று வையுங்கள். அதிலும் வரவில்லையென்றால்தான் சர்வீஸ்.